மேப்புல ஏறாத எங்க ஊத்து

"பட்டா இருக்குல்ல, அப்புறம் என்ன பிரச்சனை?" இந்தக் கேள்வியைக் கேக்காத ஆளே கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்துல தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல கடலோரத்துல ஒரு ஊர்ல நான் இ-சேவை மையம் நடத்துறேன், சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு சொல்ற பதிவு), புலப்படம் (நிலத்தோட எல்லை அளவு வரைபடம்)னு ஊர்க்காரங்க நிலத்துப் பேப்பர் எல்லாம் என் பிரிண்டர் வழியாத்தான் போகுது. அதனால நிலம் விக்கிறவங்க, வாங்குறவங்க, பங்கு பிரிக்கிறவங்க, சண்டை போடுறவங்க எல்லாரையும் பாக்குறேன். எல்லாருக்கும் தெரிஞ்சது பட்டா ஒண்ணு தான். நிலம் யாருதுன்னு பட்டா சொல்லும், அந்த நிலத்துல என்ன வரலாம் என்ன வரக்கூடாதுங்கிறத அது சொல்லாது. அது வேற பேப்பர், வேற ஆபீஸ், வேற மேப்பு. எங்க ஊர்ல ஒரு லேஅவுட், அதாவது மனைப்பிரிவு, விவகாரத்துல நாங்க எல்லாரும் அலைஞ்சு கத்துக்கிட்டது இது, மத்த கடலோர ஊர்க்காரங்களுக்கும் உதவும்னு தான் எழுதுறேன்.

எங்க பக்கம் நிலம் எவ்ளோ மாறிடுச்சுன்னு ஈசிஆர்ல, அதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில, ஒருதடவை போயிட்டு வந்தா தெரியும். முன்னாடி ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலும் பனையும் உப்புத் தரவையும் தான், நடுநடுவுல இறால் பண்ணைக் குட்டைக. இப்ப கலர் கொடி, கலர் கல்லு, வளைவு வச்ச கேட்டு. கமுதி பக்கம் 2016ல 648 மெகாவாட் சோலார் வந்தப்ப தரிசுன்னு கிடந்த நிலத்துக்கும் விலை இருக்குன்னு மாவட்டம் முழுக்க தெரிஞ்சு போச்சு. அப்புறம் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு, 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம், பரமக்குடி ராமநாதபுரம் நாலுவழிச் சாலைக்கு ஒப்புதல், வளமாவூர்ல கடற்பாசிப் பூங்கான்னு ஒவ்வொரு செய்தி வர்றப்பவும் தரகருங்க போன் எங்க ஊருக்கு வந்துரும். இதெல்லாம் வரக்கூடாதுன்னு நான் சொல்லல. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு வேலை வேணும், கடல்ல கிடைக்கிறது குறைஞ்சு போச்சு, பிள்ளை காலேஜ் பீஸுக்கு அரை ஏக்கர் வித்தவங்கள நான் எப்பிடித் தப்பு சொல்ல முடியும். எது எங்க வரணும்னு ஒரு கணக்கு இருக்கணும், அந்தக் கணக்குல நாங்களும் இருக்கணும், அவ்ளோ தான் கேக்குறேன்.

எங்க ஊருக்கு வடக்க ஒரு மணல்மேடு இருக்கு. கடல்ல இருந்து கூப்பிடு தூரம். அந்த மேட்டோட அடிவாரத்துல தான் எங்க ஊத்து. முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறிச்சுட்டு உக்காந்தா கொஞ்ச நேரத்துல தண்ணி ஊறி வரும், சிரட்டையால அள்ளி அள்ளி குடத்துல ஊத்தணும், அவசரப்பட்டு ஆழமாத் தோண்டுனா உப்புக் கரிச்சுரும், அதனால புதுசா வாக்கப்பட்டு வர்ற பொண்ணுங்களுக்கு மாமியார் முதல்ல சொல்லிக்கொடுக்கிறதே "ஆழமாப் பறிக்காத, வழிச்சு எடு"ங்கிறது தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குழாயில தண்ணி வராத நாள்ல ஊரே அங்க தான் நிக்கும். மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற உப்புத்தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்கிறதால தான் அது இனிக்குது. மேட்டைச் சமமாத் தள்ளிட்டா மழைத்தண்ணி தங்க இடம் இல்ல. பக்கத்துல ஆழமா போர் போட்டு இழுத்தாலும் கீழ உள்ள உப்பு மேல ஏறிரும். ஒருதடவை ஏறுனா சுலபமா இறங்காது.

இந்த ஊத்து எந்த அரசாங்கப் பேப்பர்லயும் இல்ல. அ-பதிவேட்டுல மேட்டோட ஒரு பாதி அரசு தரிசு. இன்னொரு பாதி புஞ்சை, பட்டா நிலம், பனங்காடு. கரைவலை இழுக்கிற கரை, வலை காயப்போடுற இடம், வத்தை (சின்னப் படகு) ஏத்தி வைக்கிற இடம், பொம்பளைங்க கருவாடு காயவைக்கிற தரை, எதுக்குமே பேப்பர்ல பேரு கிடையாது. எல்லாம் தரிசு, இல்லாட்டி புறம்போக்கு. ஒரு ஊரே நாள் பூரா புழங்குற இடம், ஆபீஸ்ல விரிச்சு வச்ச மேப்புல வெறும் வெள்ளையா இருந்தா, அங்க உக்காந்து திட்டம் போடுறவருக்கு அது காலியிடமாத்தான் தெரியும்.

பனங்காட்டுக்குச் சொந்தக்காரங்க வாரிசு எல்லாம் வெளியூர்ல, அவங்க வித்துட்டாங்க. ஒருநாள் காலையில டேப்பும் மெஷினும் வச்சு அளந்து கல்லு ஊனிட்டுப் போயிட்டாங்க, மேட்டுலயும் ரெண்டு கல்லு. பொம்பளைங்க தண்ணிக்குப் போனவங்க தான் முதல்ல பாத்துட்டு வந்து சொன்னாங்க. அன்னிக்குச் சாயங்காலமே ஊர்ப்பொட்டல்ல கூட்டம், ஈசிஆர்ல மறியல் பண்ணணும்னு இளவட்டம் எல்லாம் நின்னுச்சு. எங்க சித்தப்பா தலையாரியா இருந்து ரிட்டயர் ஆனவரு, எந்தக் கல்லு எங்க இருக்குன்னு ராத்திரில கூட கண்டுபிடிச்சிருவாரு, அவரு தான் எந்திரிச்சாரு. "மறியல் பண்ணுனா நாளைக்குப் பேப்பர்ல வரும்ப்பா, கல்லு அங்கனயே தான் இருக்கும். அவுக பேப்பரோட வந்துருக்காக, நாமளும் பேப்பரோட போவோம்"னு சொல்லிட்டு என்னைப் பாத்து "ஆத்தா, நீ முதல்ல சர்வே நம்பரை எடு"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தை தான் எல்லாத்துக்கும் சாவி. சர்வே நம்பரும் உட்பிரிவும் கையில இல்லாம எந்த ஆபீஸ்க்குப் போனாலும் பேச்சு பேச்சாத்தான் போகும். நம்பர் இருந்தா நாலு விதமான மேப்புல அதே இடத்தைத் தேடலாம், அந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காதுங்கிறத நீங்க முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

வருவாய்த்துறையோட புலப்படம், அ-பதிவேடு, கிராம வரைபடம் ஒண்ணு. புலப்படமும் அ-பதிவேடும் ஆன்லைன்லயே எடுக்கலாம், கிராம வரைபடத்துக்கு விஏஓ, தாலுகா ஆபீஸ் சர்வே பிரிவு. அப்புறம் உங்க ஊர் டவுன் பிளானிங் எல்லைக்குள்ள வந்தா மாஸ்டர் பிளான், அதுல தான் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம்னு ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு உபயோகம் எழுதியிருக்கும். இது 1971ஆம் வருசத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி போடுறது, மாவட்ட நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல பாக்கலாம், நம்ம ஆளுங்க டிடிசிபின்னு தான் சொல்லுவாங்க. எல்லைக்குள்ள வராத ஊரா இருந்தா மாஸ்டர் பிளான் கிடையாது, ஆனா விவசாய நிலத்தை மனையா மாத்த 2017ல வந்த விதிப்படி அனுமதி வாங்கணும், அதுல வேளாண்மைத்துறை, வருவாய்த்துறை கருத்து எல்லாம் கேப்பாங்க. பிளான் இல்லாத ஊர்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு தரகர் சொல்றத நம்பிராதீங்க. மூணாவது கடலோர மண்டல மேப்பு, அதாவது சி.ஆர்.இசட். நாலாவது நம்ம ஊரோட மேப்பு, அது பெரியவங்க மனசுல மட்டும் தான் இருக்கும், அத நாம தான் பேப்பருக்குக் கொண்டுவரணும்.

சி.ஆர்.இசட்டைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், கடலோரத்துல மத்த எல்லாத்தையும் விட இதுக்குத் தான் பலம் ஜாஸ்தி. அலை ஏறி வர்ற உயர்ந்தபட்சக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் இது செல்லும். கழிமுகம், ஓடை வழியா கடல்தண்ணி உள்ள ஏறுற இடங்களோட ஓரத்துக்கும் செல்லும். கிராமப்புறத்துல அந்தக் கோட்டுல இருந்து 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதின்னு 2011 அறிவிக்கை சொல்லுச்சு, 2019 அறிவிக்கை வந்து ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல இருக்கிற ஊர்னா அத 50 மீட்டராக் குறைச்சிருக்கு, மத்த ஊருக்கு 200 தான். அதனால உங்க ஊர் எந்த வகையில வருதுன்னு பாத்துக்கணும். இதுக்கெல்லாம் மேல, மணல்மேடு, அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடுற கரை இதெல்லாம் தனி வகுப்பு, சி.ஆர்.இசட் 1ஏன்னு பேரு, அதுக்குத் தான் ரொம்பக் கடுமையான பாதுகாப்பு. கடல்ல இருந்து 300 மீட்டர் தள்ளி இருந்தாலும் மேடு மேடு தான். எங்களுக்குக் கை கொடுத்தது இந்த ஒரு வரி.

அந்த மேப்பு சுற்றுச்சூழல் துறை வெப்சைட்ல இருக்கு, ஆனா ரொம்பப் பெரிய ஃபைல், போன்ல தெரியாது. நான் கம்ப்யூட்டர்ல திறந்து எங்க சர்வே நம்பர் வர்ற பக்கத்தை மட்டும் பெருசாக்கிப் பிரிண்ட் போட்டேன். பாத்தா மேட்டோட ஒரு பகுதி மணல்மேடுன்னு கலர்ல இருக்கு, தெக்கால ஊத்து இருக்கிற பக்கம் விட்டுப்போயிருக்கு.

அப்புறம் தான் ஊர் மேப்பு வேலை. புலப்படத்தை எல்லாம் பெருசா பிரிண்ட் எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டி ஒரே விரிப்பா ஆக்கி அந்தோணியார் கோயில் திண்ணையில விரிச்சோம். முதல்ல ஆம்பளைங்க தான் சுத்தி நின்னாங்க, வத்தை இங்க வலை இங்கன்னு குறிச்சாங்க. மதினி ஒருத்தவங்க வந்து பாத்துட்டு "ஏந்தம்பி, தண்ணி எடுக்கிற பாதை எங்க, விறகு பொறக்குற இடம் எங்க, பாசி காயவைக்கிறது எங்க, நாங்க எல்லாம் ஊர்ல இல்லையா"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கப்புறம் பேனா பொம்பளைங்க கைக்குப் போயிருச்சு. மழைக்காலத்துல கண்மாய் நிறைஞ்சு மறுகால் போற தண்ணி எந்த ஓடை வழியாக் கடலுக்குப் போகும்னு ஆடு மேய்க்கிற பெரியவர் விரலால இழுத்துக் காட்டுனாரு, புலப்படத்துல அந்த ஓடை பாதி தூரத்தோட நின்னு போகுது, மீதி பட்டா நிலத்துக்குள்ள ஓடுது. கோடையில வந்து பாக்கிற ஆபீஸருக்கு அது ஓடைன்னே தெரியாது, அதனால ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஓடுறப்ப தேதி விழுகிற மாதிரி, இடம் பதியுற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. இத இன்னிக்கே செய்யலாம், பிரச்சனை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

கிராமசபையில தீர்மானம் போட்டோம். தீர்மானத்துல "ஊர்ப் பொது இடங்களைப் பாதுகாக்கணும்"னு பொத்தாம் பொதுவா எழுதுனா அது யாருக்கும் உதவாது. சர்வே நம்பர், உட்பிரிவு, அங்க என்ன நடக்குது, எத்தனை குடும்பம் புழங்குது, எங்களுக்கு என்ன வேணும், இவ்ளோவும் எழுதணும். முடிஞ்ச கையோட தீர்மானப் புத்தகத்துல இருந்து நகல் வாங்கிரணும், நாளாச்சுன்னா கிடைக்கிறது கஷ்டம். மனுவை டிடிசிபி, கலெக்டர் ஆபீஸ், மாவட்டக் கடலோர மண்டல அமைப்பு மூணுக்கும் தனித்தனியாக் கொடுத்து ஒப்புகை சீல் வாங்குனோம். லேஅவுட் விண்ணப்பம் எந்த நிலையில இருக்குன்னு ஆர்டிஐல, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல, கேட்டோம், பத்து ரூபா தான் கட்டணம், 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும், அதுல வந்த வரைபட நகல் தான் எங்களுக்குப் பெரிய ஆயுதமா ஆச்சு. ஒரு ஆபீஸ்ல "அது காலியிடம் தானம்மா, எதுக்கு இவ்ளோ பேரு வந்துருக்கீங்க"ன்னு கேட்டாங்க. மதினி கூட வந்திருந்தாங்க, பையில இருந்து பாட்டிலை எடுத்து மேசை மேல வச்சு "குடிச்சுப் பாருங்க சார், அந்தக் காலியிடத்துத் தண்ணி தான்"னாங்க. அவர் குடிச்சாரு. அடுத்த வாரம் இடத்தைப் பாக்க ஆள் வந்தாங்க.

லேஅவுட் விஷயத்துல ஊர்க்காரங்களுக்கு ஒரு பிடி இருக்கு, பல பேருக்குத் தெரியல. டிடிசிபி கொடுக்கிறது தொழில்நுட்ப அனுமதி. அதுக்கப்புறம் ரோடையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் லேஅவுட்காரங்க உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும், அப்புறம் தான் இறுதி அனுமதி. மனைப்பிரிவு 3000 சதுர மீட்டருக்கு மேல போனா ரோடு போக மீதியில பத்து சதவீத இடம் பூங்கா, விளையாட்டு மாதிரி பொது உபயோகத்துக்கு, இதத் தான் ஓஎஸ்ஆர்னு சொல்றாங்க. அந்தப் பத்து சதவீதம் எந்த மூலையில வரணும்ங்கிறது முக்கியம். பெரும்பாலும் விக்க முடியாத பள்ளத்துல, ஓடைக்குள்ள, முக்கு முடுக்குல தள்ளிருவாங்க. எங்க லேஅவுட்லயும் முதல் வரைபடத்துல அப்படித் தான் இருந்துச்சு. மேட்ட ஒட்டி ஊத்துப் பக்கமா அத மாத்திப் போடுங்கன்னு நாங்க கேட்டோம். லேஅவுட்காரங்களுக்கும் அதுல நஷ்டம் இல்ல, இடம் அதே அளவு தானே, மேட்டை ஒட்டி மனை போட்டா சி.ஆர்.இசட் சிக்கல் வேற. கடைசியில மேட்டுல ஊனுன கல்லைப் பிடுங்கிட்டாங்க, பொது இடம் ஊத்துப் பக்கம் வந்துச்சு, தண்ணிக்குப் போற பாதை ரோடா வரைபடத்துல ஏறுச்சு.

எல்லாம் கிடைச்சிருச்சுன்னு சொல்ல முடியாது. பனை அவ்ளோவும் போச்சு. நொங்கு வெட்டுன, பதநீ இறக்குன, ஓலை எடுத்த மரங்க, ஒரே நாள்ல ஜேசிபி வச்சுத் தள்ளிட்டாங்க, அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அரசு 2021ல அறிவிச்சது எங்க ஊர்ல அன்னிக்கு யாருக்கும் நினைப்பு வரல, வேலை ஆரம்பிக்கும் முன்னாடி அதையும் மனுவுல சேத்துருங்க. ஓடைக்குப் பாலம் வைக்கச் சொன்னோம், சின்னக் குழாய் ஒண்ணு பதிச்சிருக்காங்க, போன கார்த்திகையில தண்ணி வெளியேற முடியாம தெக்குத் தெரு வாசல் வரைக்கும் நின்னுச்சு. பாலத்தோட அகலம் எவ்ளோன்னு மீட்டர் கணக்குல எழுதி வாங்கணும்ங்கிறது அப்பத் தான் எல்லாருக்கும் உறைச்சுது. அந்த மனு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு.

மனை வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. துபாய், சவுதி, மலேசியால இருந்து பணம் அனுப்பி ஊர்ல மனை வாங்கச் சொல்றவங்க எங்க பக்கம் ஏராளம், அவங்க வீட்டம்மா தான் தனியா வந்து என்கிட்ட கேப்பாங்க. பஞ்சாயத்து அப்ரூவல்னு மட்டும் சொன்னா நம்பாதீங்க, டிடிசிபி அனுமதி நம்பரும் வரைபட நகலும் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேல அல்லது எட்டு மனைக்கு மேல போனா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பர் இருக்கணும். அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு 2016ல ஹைகோர்ட் நிப்பாட்டுன பிறகு எத்தனை குடும்பம் வரைமுறைப்படுத்த அலைஞ்சுதுன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். எல்லாத்துக்கும் மேல, வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு மழைக்காலத்துல ஒருதடவை நேர்ல போய்ப் பாருங்க, பக்கத்து வீட்டு ஆயாகிட்ட "இங்க தண்ணி எவ்ளோ நிக்கும்"னு கேளுங்க, அந்தப் பதில் எந்த வில்லங்கச் சான்றுலயும் வராது. 1964 புயல்ல தனுஷ்கோடி போன மாவட்டம் இது, கடலுக்குப் பக்கத்துல சீ வியூன்னு சொல்லி விக்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

மாஸ்டர் பிளான் புதுசாப் போடுறப்ப அரசாங்கம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேக்கும், குறைஞ்சது ரெண்டு மாசம் டைம். தனி ஆள் ஒருத்தர் தன் நிலத்தோட உபயோகத்தை மாத்தக் கேட்டாலும் பத்திரிகையில நோட்டீஸ் வரும், அதுல போட்டிருக்கிற நாளுக்குள்ள எழுத்துல கொடுக்கணும். அந்த நோட்டீஸ் பேப்பர்ல ஒரு மூலையில பொடி எழுத்துல வரும். எங்க ஊர்ல இப்ப ரெண்டு காலேஜ் பிள்ளைங்க அதப் பாத்து ஊர் வாட்ஸ்அப்ல போடுற பொறுப்ப எடுத்திருக்காங்க. கடலோர மண்டல மேப்பு வரைவுக்கும் மக்கள் கருத்துக் கேப்புக் கூட்டம் மாவட்டத்துல நடத்துவாங்க, அதுக்குப் போறவங்க பேசிட்டு மட்டும் வந்துராதீங்க, எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க, பேசுனது குறிப்புல எப்பிடி ஏறும்னு நமக்குத் தெரியாது.

இப்ப எங்களுக்கு முன்னாடி இருக்கிறது வீட்டு விஷயம். மீனவர் குடும்பங்களோட நீண்டகால வீட்டுத் தேவைக்கு அரசு திட்டம் போடணும்னு சி.ஆர்.இசட் அறிவிக்கையிலயே இருக்கு. எங்க ஊர்ல கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போற பிள்ளைக்கு இடம் இல்ல, பாதி வீட்டுக்குப் பட்டா இல்ல, புறம்போக்குன்னு கிடக்கு. லேஅவுட்டுக்கு வரைபடம் ரெடியா இருக்கு, எங்க பிள்ளைங்க வீட்டுக்கு எந்த வரைபடமும் இல்ல. அதனால வீடு வீடாப் போய் இப்ப எத்தனை குடும்பம், பத்து வருசத்துல எத்தனை ஆகும், எந்த இடம் மேடா இருக்கு, எது வெள்ளம் ஏறாத இடம்னு எழுதிக்கிட்டு இருக்கோம். சித்தப்பா கல்லைக் காட்டுறாரு, மதினி வீட்டுக் கணக்கு சொல்றாங்க, நான் டைப் பண்றேன். அடுத்த கிராமசபைக்கு அந்தப் பட்டியலும் மேப்பும் போகுது. உங்க ஊருக்குப் புலப்படம் ஒட்டுறதுலயோ சி.ஆர்.இசட் மேப்புல நம்பர் தேடுறதுலயோ குழப்பம் இருந்தா கேளுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்லித் தர்றேன்.